வெளிநாட்டுக் கள ஆய்வும் குலையும் தன்னம்பிக்கையும்: அனுபவமுள்ளவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்

ஓதக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மானுடவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துவருகிறேன். தற்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவைச் சேர்ந்த தன்னாட்சித் தீவுக்கூட்டமான சான்சிபாரின் பெரிய தீவான உங்குஜாவில், கிழக்குக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருக்கிறேன். கடற்பாசி வளர்க்கும் பெண்களின் உழைப்பும், அவர்கள் உலர்த்திக் கொடுக்கும் பாசிக்கு விலை எப்படி அமைகிறது என்பதும் என் ஆய்வுப்பொருள். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பதற்காகக் கடலில் மூழ்கும் பெண்களிடையே வளர்ந்தவன் நான். ஆகவே இத்தலைப்பு எனக்குப் புதிதல்ல என்ற துணிவோடுதான் புறப்பட்டேன். அந்தத் துணிவு இப்போது என்னிடம் இல்லை.

களத்தைச் சற்று விளக்கினால்தான் என் இடர்ப்பாடு புரியும். இத்தீவில் வணிக முறைப் பாசி வளர்ப்பு 1989இல், பஜே, ஜம்பியானி ஆகிய ஊர்களில், பிலிப்பைன்சிலிருந்து வந்த விதைப்பாசியைக் கொண்டு தொடங்கியது. நம் பாம்பன், மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்ப்பது போலன்றி, இங்கே ஆழமற்ற கடலின் மணலில் முளைகளை அடித்து, அவற்றுக்கிடையே கயிறு கட்டி, அக்கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்துவிடுகிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் வெகுதூரம் வற்றும் நாட்களில்தான் வேலை மும்முரமாக நடக்கும். அப்போது எவருக்கும் என்னோடு பேச நேரமிருப்பதில்லை. மற்ற நாட்களில் உலர்த்துதல், சமையல், பிள்ளைகள், தேங்காய் நார் திரித்தல் என்று வேலைகள் காத்திருக்கின்றன. கூடுதல் விலை பெறும் கப்பாபைகஸ் இனம் கடல்நீர் சூடேறியதால் பல இடங்களில் நோயுற்று அழிந்துவிட, விலை குறைந்த ஸ்பைனோசம் இனத்தையே பெரும்பாலோர் வளர்க்கிறார்கள். இவற்றையெல்லாம் நான் இங்கு வருமுன்பே படித்துத் தெரிந்துகொண்டேன். வந்தபின் தெரிந்துகொண்டது என்ன என்று என்னை நானே கேட்கும்போதுதான் அச்சம் எழுகிறது.

நான் ஆண். வீடுகளின் முன்னுள்ள கல்திண்ணைகளில் ஆண்களோடு அமர முடிகிறது. பெண்கள் கூடியிருக்கும் உள்முற்றங்களுக்குள் நான் நுழைவது முறையாகாது. ஊர்த்தலைவரான ஷேஹாவின் இசைவோடு பெண்களைச் சந்தித்துப் பேசினாலும், விலையைப் பற்றிக் கேட்டால் "குறைவுதான்" என்ற விடைக்குமேல் பேச்சு நகர்வதில்லை. இந்தியன் என்றதும் பலர் என்னை வணிகனாக, அல்லது பாசி வாங்கும் நிறுவனத்தோடு தொடர்புடையவனாகக் கருதுகிறார்கள். 1964 ஜனவரிப் புரட்சியையும், அதன்பின் அரபு வம்சாவளியினரும் இந்தியக் குடும்பங்களும் தீவை விட்டு வெளியேறியதையும் முதியவர்கள் மறக்கவில்லை. இந்திய முகத்தோடு வந்து வரவு செலவு கேட்பவனிடம் அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. சுவாகிலி மொழியை வகுப்பறையில் ஓரளவு நன்றாகவே கற்றேன். ஆனால் கரையில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகத்தில் பாதிக்குமேல் நழுவிவிடுகிறது.

இரவில் குறிப்பேட்டைத் திறந்தால் வானிலையும் வணக்க மொழிகளும் மட்டுமே எழுதத் தக்கவையாக இருக்கின்றன. என்னோடு சேர்ந்த மாணவர்கள் வேறு நாடுகளிலிருந்து அனுப்பும் செய்திகளில், மணிக்கணக்கில் நேர்காணல் பதிவு செய்ததாகச் சொல்கிறார்கள். நெறியாளருக்கு எழுதத் தொடங்கும் மடல்களை அனுப்பாமல் விட்டுவிடுகிறேன். இது களத்தின் கடினமா, அல்லது இவ்வேலைக்கு நான் தகுதியற்றவன் என்பதன் அடையாளமா? நல்கைப் பணத்தை வீணாக்காமல் திரும்பிவிடுவதுதான் நேர்மையா? கள ஆய்வில் இந்நிலையைக் கடந்தவர்கள் விடை சொல்ல வேண்டும்.

மலைச்சாரல் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் படித்து, மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே கள ஆய்வு செய்தவள். உங்களுக்கு இருக்கும் மொழித்தடை எனக்கு இருக்கவில்லை. அவர்களும் தமிழர், நானும் தமிழச்சி. ஆகவே கதவுகள் தாமே திறக்கும் என்று என் துறையில் எல்லோரும் எண்ணினார்கள், நானும் எண்ணினேன். உண்மையில் ஒரே மொழி பேசியதே சில கதவுகளை அடைத்தது. அந்நியர் ஒருவர் கேட்டால் பொறுமையாக விளக்கும் மனிதர்கள், நான் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்பதுபோல் பார்த்தார்கள்; அல்லது என் ஊரையும் குடும்பத்தையும் பற்றி விசாரித்து, நான் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவள் என்று அளந்து பார்த்தபின் பேச்சை மாற்றினார்கள்.

நான் தங்கியிருந்த தோட்டத்தில் பால்மரங்கள் எனப்படும் ரப்பர் மரங்கள் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, பின்னர் அந்த நிலமும் வீட்டுமனைகளுக்காக விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டிய குடும்பங்கள் இழப்பீட்டுக்காகக் காத்திருந்தன. அந்நேரத்தில் கையில் குறிப்பேட்டோடு ஒருத்தி வந்து எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால், அதற்கு வரும் விடை ஆய்வுக்கான விடையாக இராது. வழக்குக்கான விடையாக இருக்கும். அதை உணரும்வரை, பழகத் தெரியாதவள் என்றே என்னை நினைத்து மனம் வெதும்பினேன்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். விலையைப் பற்றிக் கேட்பதைச் சில காலம் நிறுத்திவிட்டு, விதைப்பாசி முடியும் வேலையில் உங்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று பாருங்கள். வெளிக்கரையில் எல்லோர் கண்முன்னும் நடக்கும் வேலை என்றால், ஒரு மூத்த பெண்ணிடம் இசைவு கேட்பதில் முறைகேடு இராது. உங்கள் ஊரில் பெண்கள் பாசி எடுப்பதைப் பற்றி நீங்கள் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? இதுவரை நீங்கள் கேட்பவராகவே இருந்திருக்கிறீர்கள். அவர்களிடம் இருக்கும் கேள்விகளுக்கு விடை சொல்பவராகவும் இருக்கலாம் அல்லவா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மலைச்சாரல் கூறியதை முழுமையாக வழிமொழிகிறேன். பல்லாண்டுகள் மானுடவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இத்துறையின் வரலாற்றிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு நேர்வது புதிதல்ல என்று ஆறுதல் கூறுவது என் நோக்கமன்று. அந்த ஆறுதல் இரவில் உதவாது. மௌனத்தை முன்னோர் எப்படிக் கையாண்டார்கள் என்பதே உங்களுக்குப் பயன்படும்.

தென் சூடானின் நுவேர் மக்களிடையே 1930களில் ஆய்வு செய்த பிரித்தானிய மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட், தம் குலத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் நழுவும் ஒருவருடன் நடந்த உரையாடலை, 1940இல் வெளியான நூலின் முன்னுரையிலேயே அச்சிட்டார். அதைப் பலர் வேடிக்கையாகப் படித்துக் கடந்துவிடுகிறார்கள். அதே முன்னுரையில், தாம் தங்கியிருந்த முகாமை ஒரு விடியற்காலையில் அரசுப் படை சூழ்ந்துகொண்டு பிணையாட்களைப் பிடித்துச் சென்றதையும் அவர் பதிவு செய்கிறார். பிரித்தானிய ஆட்சி அம்மக்களை ஒடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளைக்காரர் ஒருவரிடம் குலப்பெயரைச் சொல்ல மறுத்தவர் தம் மக்களைக் காத்துக்கொண்டிருந்தார். 1964ஐப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதை உங்கள் வேலைக்கு நேர்ந்த தடையாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் உங்கள் ஆய்வுப்பொருளின் உள்ளேயே இருக்கிறது. பாசியின் விலை, யார் வாங்குபவர், யார் விற்பவர் என்ற நீண்ட வரலாற்றின்மேல் நிற்கிறது. உங்களிடம் பேச மறுப்பவர்கள் அந்த வரலாற்றைத்தான் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொருவர் ஜீன் பிரிக்ஸ். ஹார்வர்டின் முனைவர் பட்ட மாணவியாக 1963இல் கனடாவின் வடதுருவப் பகுதிக்குச் சென்று, உத்கு என்னும் சிறு இனுவிட் பழங்குடிக் குழுவோடு தங்கினார். அங்கே மாந்திரிகப் பூசாரிகளைப் பற்றி ஆராய்வதே அவர் திட்டம். போய்ச் சேர்ந்தபின்தான் அம்மக்கள் பக்திமிக்க ஆங்கிலிக்கன் கிறித்தவர்கள் என்பதும், அத்தகைய பூசாரிகள் தங்களிடம் எவருமில்லை என்று அவர்கள் சொல்வதும் தெரிந்தன. ஆய்வுத் திட்டம் அங்கேயே பொருளற்றுப் போயிற்று. ஒரு குடும்பம் அவரை மகளாக ஏற்றுக்கொண்டது. 1964 கோடையில், மீன்பிடி விளையாட்டுக்காக வந்த வெள்ளையர்கள் அம்மக்களின் படகுகளை இரவல் வாங்கிச் சேதப்படுத்தியபோது, பிரிக்ஸ் அந்த வெள்ளையர்களிடம் வெளிப்படையாகச் சினந்து பேசினார். சினத்தைக் காட்டுவதைப் பெருங்குறையாகக் கருதிய அந்தச் சமூகம், மரியாதை சிறிதும் குறையாமல் அவரை மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்தது. தொலைவூரிலிருந்த ஒரு பெண் கடிதம் எழுதி, பிரிக்ஸ் சினந்தது உத்கு மக்களுக்காகவே என்று விளக்கிய பின்னரே நிலைமை சீரடைந்தது. அந்த ஒதுக்கலை அவர் மறைக்கவில்லை. உணர்ச்சிகளை ஒரு சமூகம் எப்படி வளர்க்கிறது, எப்படி அடக்குகிறது என்பதைப் பற்றி 1970இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த அனுபவத்தின்மீதே எழுந்தது. இன்றும் அது மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

ஆகவே, வானிலையும் வணக்க மொழியும் மட்டுமே உள்ளதாகச் சொல்லும் குறிப்பேட்டில், இனி ஒவ்வொரு மௌனத்தையும் எழுதிவையுங்கள். யார், எங்கே, எந்தக் கேள்விக்குப் பேச்சை மாற்றினார், அப்போது அருகில் யார் இருந்தார், உடனே வேறு எதைப் பேசினார் என்று எழுதுங்கள். அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்தெழுதிவிடுங்கள். உறங்கி எழுந்தால் பாதி போய்விடும். உங்கள் மனத்துயரைத் தனி நாட்குறிப்பில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், பின்னர் ஆய்வேடு எழுதும்போது எது ஊரின் நிலை, எது உங்கள் நிலை என்று பிரித்தறிவது கடினம்.

கரைதிரும்பியவள் எழுதியது:

மூத்தவர்கள் கூறியவற்றை மதிக்கிறேன். ஆயினும் இந்த இழையில் எவரும் கேளாத சில கேள்விகளை நான் கேட்டாக வேண்டும். நீங்கள் உறங்குகிறீர்களா? வேளைக்கு உண்கிறீர்களா? உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் அன்றே அதை அறியக்கூடியவர் அந்தத் தீவில் ஒருவரேனும் இருக்கிறாரா?

நான் கள ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பியவள். பின்னர் ஆவணக் காப்பகங்களை அடிப்படையாகக் கொண்டு வேறு ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றேன். நான் தங்கியிருந்த நாட்டில், நான் சார்ந்திருந்த ஆய்வு நிலையத்திலேயே எனக்கு மேலிருந்த ஒருவரால் தொல்லைக்குள்ளானேன். அதையும்கூட "களத்தின் கடினம்" என்று எண்ணித் தாங்கிக்கொள்ள முயன்றேன். ஏனென்றால் எங்கள் வகுப்பறைகளில் துன்பத்தைத் தாங்கியவர்களின் கதைகளே சொல்லப்பட்டன. 2014இல் வெளியான ஆய்வொன்றில், விடையளித்த 666 கள ஆய்வாளர்களில் 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் நோக்குடைய பேச்சுகளால் சீண்டப்பட்டதாகத் தெரிவித்திருந்தனர். பெண்களைச் சீண்டியவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய ஆய்வுக் குழுவிலேயே மேல்நிலையில் இருந்தவர்கள். கேம்பிரிட்ஜின் முனைவர் பட்ட மாணவர் ஜூலியோ ரெஜேனி, தெருவோர வணிகர்களின் தொழிற்சங்கத்தைப் பற்றிக் கெய்ரோவில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது 2016 ஜனவரி 25 அன்று காணாமற்போனார். பிப்ரவரி 3 அன்று சித்திரவதைக் காயங்களோடு அவர் உடல் கிடைத்தது. களம் எல்லோருக்கும் இறுதியில் நூலாக மாறுவதில்லை.

ஓதக்கரையின் நிலை இவ்வளவு கொடியது என்று நான் சொல்லவில்லை. எல்லா வேதனையையும் தரவாக மாற்றிவிடலாம் என்ற பேச்சு என்னை அஞ்ச வைக்கிறது என்றுதான் சொல்கிறேன். பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனநலக் கோளாறுக்கு ஆளாகும் நிலையில் இருப்பதாகக் காட்டியது. அவர்களில் பலர் தங்கள் ஊரிலேயே, நண்பர்களுக்கு அருகிலேயே இருந்தவர்களாக இருக்கலாம். மொழி புரியாத ஊரில் தனியாக இருப்பவரின் சுமை அதைவிடக் குறைவாக இருக்க முடியாது. திரும்பி வருவதும் மதிப்புள்ள முடிவுதான். சில வாரங்கள் தலைநகருக்கோ சொந்த ஊருக்கோ போய் இருந்துவிட்டு மீண்டும் வருவது மிக எளிய முடிவு. பலருக்கு அதைச் செய்யலாம் என்பதே தெரிவதில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கரைதிரும்பியவளின் கேள்விகளை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டதற்கு நன்றி. எங்கள் தலைமுறையில் கள ஆய்வுக்கு முன் தடுப்பூசியையும் அனுமதிக் கடிதத்தையும் பற்றி மட்டுமே பேசினோம். 2009இல் ஏமி பொல்லார்ட், பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் 16 முனைவர் பட்ட மாணவர்களைச் சந்தித்து, அவர்கள் களத்தில் பட்ட துயரங்களைத் தொகுத்து வெளியிட்டார். தனிமை, வெட்கம், ஏமாற்றம், அச்சம், குற்ற உணர்வு, கைவிடப்பட்ட உணர்வு என அப்பட்டியல் நீள்கிறது. அதைப் படித்தபோது, என் மாணவர்கள் எவற்றையெல்லாம் என்னிடம் சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்று எண்ணி வருந்தினேன்.

ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். அச்சுறுத்தலும் தொல்லையும் ஒரு வகை. மக்கள் பேசத் தயங்குவது முற்றிலும் வேறு வகை. முன்னதைத் தாங்கக் கூடாது. பின்னதைத் தாங்காமல் இந்தத் துறையில் எவரும் எதையும் அறிந்ததில்லை. உங்களை வாட்டுவது இவற்றில் எது என்று ஓதக்கரை தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஓதக்கரை எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. உறங்குகிறேன், உண்கிறேன், நான் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி, நான் சாப்பிடாமல் படுக்க ஒருநாளும் விடுவதில்லை. எவராலும் தொல்லை இல்லை. என்னை வாட்டுவது மௌனமும், அதை என் தகுதியின்மையாகப் பொருள்கொண்ட என் மனமும்தான்.

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி, பழைய குறிப்புகளையெல்லாம் மீண்டும் படித்து, யார் எப்போது பேச்சை நிறுத்தினார் என்று தனியே எடுத்தெழுதினேன். நான் எதிர்பாராத ஒன்று தென்பட்டது. "விலை குறைவு" என்று சொல்ல எவரும் தயங்கவில்லை. அதை உரக்கவே சொல்கிறார்கள். வேறு ஒருவருக்கு விற்க முடியுமா என்று நான் கேட்ட இடங்களில்தான் பேச்சு நின்றிருக்கிறது. பாசி வாங்கும் நிறுவனங்கள் கயிற்றையும் முடிச்சு நூலையும் முன்கூட்டியே கொடுத்து, விளைச்சலைத் தங்களுக்கே விற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இத்தீவில் நெடுநாள் வழக்கம். நிறுவனத்துக்காகப் பாசியை எடைபோட்டு வாங்கும் முகவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். பல வீடுகளுக்கு உறவினரும்கூட. வேறு யாருக்கு விற்பீர்கள் என்று கேட்பது, கயிறு கொடுத்த உறவினரை ஏமாற்றுவீர்களா என்று கேட்பதற்கு நிகர். கல்திண்ணையில் நாலுபேர் நடுவில் அதற்கு யார் விடை சொல்வார்கள்?

மலைச்சாரல் அக்கா சொன்னதையும் செய்தேன். பாம்பன் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி அணிந்து மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறிப்பதைச் சொன்னபோது, இங்குள்ள பெண்கள் நம்பவில்லை. இவர்களில் பலருக்கு நீந்தத் தெரியாது; கடல் வற்றிய பிறகே இறங்குகிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவானதால் அங்கே பாசி எடுப்பதற்குத் தடைகள் இருப்பதைச் சொன்னபோது, கேள்விமேல் கேள்வி வந்தது. அங்கே எடை போடுபவர் யார், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார், கடன் கொடுக்கிறாரா என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். என் முன்மொழிவில் இல்லாத கேள்விகள் அவை.

இப்போது என் ஐயம் வேறு. கயிறும் கடனும் உறவும் என்று ஆய்வு திரும்பினால், நல்கைக்காக ஒப்புக்கொண்ட திட்டத்திலிருந்து விலகுவதாகாதா? உள்முற்றத்துப் பேச்சுக்கு ஒரு பெண் உதவியாளரை அமர்த்துவது முறையா?

வழிகாட்டி எழுதியது:

நான் இப்போது முனைவர் பட்ட மாணவர்களை நெறிப்படுத்துபவன். இக்கேள்விகளுக்கு நேரடியாக விடை தர முடியும். களத்துக்குப் போன மாணவரின் ஆய்வுக் கேள்வி மாறாமல் திரும்பி வந்தால்தான் எனக்குக் கவலை. நல்கை தருபவர்களும் இதை அறிவார்கள். ஆண்டறிக்கையில் காரணத்தோடு மாற்றத்தை எழுதினால் போதும். ஆனால் உதவியாளர் அமர்த்துவது நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டிய மாற்றம். திருத்த மனு ஒன்றை அனுப்பி, இசைவு வந்தபின் தொடங்குங்கள். சான்சிபாரில் ஆய்வு செய்யத் தன்னாட்சி அரசின் தனி அனுமதி தேவை என்பதால், புதிதாகச் சேர்பவரின் பெயரை உள்ளூரிலும் தெரிவிக்க வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெறியாளருக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் மடல்களை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் புதிய மடல் எழுதுங்கள். இந்த இழையில் நீங்கள் கடைசியாக எழுதிய பதிவின் இரண்டாம் பத்தியை அப்படியே அனுப்பலாம். மாணவரிடமிருந்து மடலே வராதபோது, எல்லாம் நன்றாக நடக்கிறது என்றே பெரும்பாலான நெறியாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அது எங்கள் தரப்பின் குறை. மாதந்தோறும் நாங்களே அழைத்துப் பேச வேண்டும். அவ்வாறு அழைக்கும்படி நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

உதவியாளரைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன், தம்பி. அவர் அந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் முற்றங்கள் திறக்கும்; ஆனால் முகவரின் உறவினராக இருந்தால் நீங்கள் கண்ட அதே மௌனமே அவருக்கும் விடையாகக் கிடைக்கும். பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரை முதலில் தேடுங்கள். ஊதியத்தை உள்ளூர் ஆசிரியரின் நாள்கூலிக்குக் குறையாமல், எழுத்தில், முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். எதைப் பதிவு செய்யலாம், எதைக் காதோடு விட்டுவிட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை அவருக்கே கொடுங்கள். நீங்கள் திரும்பிப் போனபிறகும் அவர் அங்கேதான் வாழ வேண்டும். ஆய்வேட்டில் அவர் பெயரைக் குறிப்பிட விரும்புகிறாரா, மறைக்க விரும்புகிறாரா என்பதை இறுதியில் கேட்காமல் தொடக்கத்திலேயே கேளுங்கள், பிறகு இடையிலும் கேளுங்கள். விலையைப் பற்றிய பேச்சு கடுமையாகும்போது அவருடைய விடை மாறக்கூடும். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் மனுவில் இதையும் சேர்த்துவிடுங்கள். என் பழைய மனுவின் வரைவை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.